ஆங்கிலம் அறிவோம்: இன்றா, என்றுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் ராத்தாவுக்குக் கண்ணில் ஒரு சிறு அறுவை செய்ய வேண்டியிருந்தது. அவருடைய மகன் பெங்களூரில் பணி புரிந்தமையால் அங்கேயே ஒரு மருத்துவமனையில் காட்டினோம். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ராத்தாவுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. நான் பணம் கட்டும் முகப்பில் நின்றிருந்தேன். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த ராத்தாவின் மகளே இடையில் நின்று மொழிபெயர்த்தாள். பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெறுபவள் அவள்.

மருத்துவர் கேட்டார்: "டஸ் ஷீ டேக் எனி டேப்லட் ஃபார் ப்ளட் பிரஷர்?"

மகள் தாயிடம் திரும்பி, "உம்மா, பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்கிறாங்க" என்றாள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் அன்று காலை மாத்திரையையும் ராத்தா விட்டுவிட்டிருந்தார். எனவே, "இல்லைம்மா" என்றார். மகள் "நோ" என்றாள். மருத்துவர் அதனை அவ்வாறே தாளில் எழுதிக்கொண்டார்.

சற்று நேரத்தில் இரத்த அழுத்தத்தைச் சோதித்த தாதி முகம் மாறினார். அளவு மிகுந்திருந்தது. கைப்பையைத் திறந்து பார்த்தபோது பாதி தீர்ந்த மாத்திரை அட்டை அகப்பட்டது. ஐந்து ஆண்டுகளாக நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை அது! அன்றைய அறுவை ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. மருத்துவர் சினம் கொள்ளவில்லை. "நான் இன்றைய நாளைப் பற்றிக் கேட்கவில்லையே அம்மா, எல்லா நாளையும் பற்றியல்லவா கேட்டேன்" என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண் கண் கலங்கியபடியே வந்தாள். "மாமா, அவங்க சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். பிறகு எப்படிப் பிழையாச்சு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லுவதே இத்திங்களின் பாடம். சொற்கள் யாவும் தெரிந்திருந்தும் காலம் தெரியாததால் வந்த பிழை அது. ஆங்கில எழுத்துப் பழகாத தாய்மார்களும் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கும் பொருட்டு, எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

தனி வாக்கியம் எது?

'சிம்பிள்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் 'எளிது' என்று நாம் பொருள் கொள்ளுகிறோம். இலக்கணத்தில் அதன் பொருள் 'தனித்தது' என்பதாகும். ஓர் எழுவாயும் அதற்குரிய ஒரு முற்றுவினையும் கொண்டு கருத்து நிறைவுறுமாயின் அது தனி வாக்கியம். அது நீளமாகவும் இருக்கலாம். "மை பிரதர் வென்ட் டு மதுரை வித் டூ ஃப்ரெண்ட்ஸ் பை பஸ் ஆன் ஃப்ரைடே" என்பதில் பல சொற்கள் உள்ளன. எனினும் 'வென்ட்' என்னும் ஒரே வினைதான் இருப்பதால் அது தனி வாக்கியமே. "ஐ கேம் அண்ட் ஹீ வென்ட்" என்பது ஐந்தே சொற்கள். ஆனால் இரண்டு எழுவாய்களும் இரண்டு வினைகளும் உள்ளமையால் அது தனி வாக்கியம் அன்று.

ஆங்கிலத் தனி வாக்கியத்திற்கு மூன்று கட்டளைகள் உண்டு. மூன்றிலும் தமிழர் நாம் இடறி விழும் இடங்கள் உள்ளன.

முதற் கட்டளை: எழுவாய் வெளிப்பட நிற்க வேண்டும். தமிழில் "எழுதினேன்" என்றால் போதும். எழுதியவர் 'நான்' என்பதை விகுதியே காட்டிவிடும். மதரஸாவில் அரபு இலக்கணம் ஓதியவர்கள் "கதப்து" என்னும் ஒரே சொல்லில் 'நான் எழுதினேன்' என்ற முழுப்பொருளும் அடங்குவதை அறிவார்கள். ஆங்கிலத்தில் "ரோட்" என்று மட்டும் சொன்னால் எழுதியவர் நானா, நீயா, அவளா, அவர்களா என்பது விளங்காது. ஆகவே "ஐ ரோட்" என்றே சொல்ல வேண்டும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. "எனக்கு அரபு தெரியும்", "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்லுபவற்றை ஆங்கிலம் எழுவாயில் வைத்துச் சொல்லும். "ஐ நோ அராபிக்", "ஐ வான்ட் வாட்டர்", "ஐ ஹாவ் டூ சில்ட்ரன்" என்பனவே சரியான வாக்கியங்கள். 'டு மீ' என்று தொடங்குவது பிழை.

இரண்டாம் கட்டளை: வினை இன்றி வாக்கியம் இல்லை. "அவர் ஆசிரியர்" என்பது தமிழில் நிறைவான வாக்கியம். "ஸைதுன் ஆலிமுன்" என்பது அரபியில் நிறைவான வாக்கியம். முப்ததாவும் கபரும் அருகருகே நின்றாலே போதும். ஆங்கிலம் அவ்வாறு விடாது. "ஹீ டீச்சர்" என்றால் கேட்பவர் மேலும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார். "ஹீ இஸ் எ டீச்சர்" என்று நடுவே 'இஸ்' வந்தாக வேண்டும். 'ஐ' என்பதற்கு 'ஆம்'. 'ஹீ, ஷீ, இட்' என்பவற்றிற்கு 'இஸ்'. 'வீ, யூ, தே' என்பவற்றிற்கு 'ஆர்'. இவை மூன்றும் பழகிவிட்டால் பாதிப் பிழைகள் ஒழியும்.

மூன்றாம் கட்டளை: வரிசை மாறக் கூடாது. "பூனை எலியைப் பிடித்தது", "எலியைப் பூனை பிடித்தது" என்று நாம் எப்படிச் சொன்னாலும் பிடித்தது பூனைதான். 'ஐ' என்னும் உருபு அதைக் காத்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அத்தகைய உருபு பெயர்ச்சொற்களுக்கு இல்லை. முன்னே நிற்பது எழுவாய், அடுத்தது வினை, அதன் பின்னது செயப்படுபொருள். "தி கேட் காட் தி ரேட்" என்பதை மாற்றி "தி ரேட் காட் தி கேட்" என்றால் எலி பூனையைப் பிடித்துவிடும்!

சாதாரண நிகழ்காலம்

இனி, மருத்துவர் கேட்ட கேள்விக்கு வருவோம். 'டஸ் ஷீ டேக்' என்பது சாதாரண நிகழ்காலம். பெயரில் 'நிகழ்' இருப்பதால் அது இப்பொழுது நிகழ்வதைக் குறிக்கும் என்று எண்ணுகிறோம். அங்கேதான் தவறு பிறக்கிறது. அது பெரும்பாலும் என்றும் நிகழ்வதைக் குறிக்கும் காலம். இந்த நொடியில் நடப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு வடிவம் இருக்கிறது: "ஷீ இஸ் டேக்கிங்".

தமிழில் 'சாப்பிடுகிறார்' என்னும் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. "உள்ளே சாப்பிடுகிறார், சற்று இருங்கள்" என்றால் இப்பொழுது. "ஐந்து ஆண்டாக மாத்திரை சாப்பிடுகிறார்" என்றால் வழக்கம். நமக்குச் சூழலே பொருள் காட்டும். ஆங்கிலமோ இரண்டையும் இரண்டு வடிவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இவ்வேறுபாட்டை விளக்க ஒரு சிறு கேள்வி போதும். "வாட் ஆர் யூ டூயிங்?" என்றால் 'இப்பொழுது என்ன செய்துகொண்டிருக்கிறீர்?' என்று பொருள். "வாட் டு யூ டூ?" என்றால் 'உமது தொழில் என்ன?' என்று பொருள். வேலைக்கான நேர்முகத்தில் இரண்டாம் கேள்வியைக் கேட்கும்போது "ஐ ஆம் சிட்டிங் ஹியர்" என்று விடை சொன்னால், கேட்டவர் புன்னகை செய்வார். வேலையை மற்றொருவருக்குக் கொடுப்பார்.

சாதாரண நிகழ்காலம் வரும் இடங்களில் மூன்றை முதன்மையாகக் கொள்ளலாம்.

வழக்கம்: "மை ஃபாதர் ரீட்ஸ் தி பேப்பர் எவ்ரி மார்னிங்." எவ்ரி டே, ஆல்வேஸ், யூஷுவலி, ஸம்டைம்ஸ், நெவர் முதலிய சொற்கள் இதற்கு அடையாளம்.

மாறாத உண்மை: "தி ஸன் ரைஸஸ் இன் தி ஈஸ்ட்." இதனைத் தமிழில் "கதிரவன் கிழக்கில் உதிக்கும்" என்கிறோம். கடல் மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் 'கொதிக்கும்' என்கிறோம். தமிழில் எதிர்கால வடிவம் வரும் இவ்விடங்களில் ஆங்கிலத்தில் நிகழ்காலம் வருவதைக் கவனிக்க வேண்டும்.

நிலை: அறிதல், விரும்புதல், உடைமை போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். எனவே "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்" என்று சொல்லுதல் பிழை. "ஐ நோ", "ஐ ஹாவ்" என்பனவே சரி.

வடிவத்தில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றே. எழுவாய் படர்க்கை ஒருமையாக இருந்தால் வினையின் இறுதியில் 'ஸ்' சேரும். 'ஐ டேக், யூ டேக், வீ டேக், தே டேக்'. ஆனால் 'ஹீ டேக்ஸ், ஷீ டேக்ஸ், இட் டேக்ஸ்'. சில வினைகளில் அது 'இஸ்' என ஒலிக்கும்: 'டீச்' என்பது 'டீச்சஸ்' ஆகும், 'வாஷ்' என்பது 'வாஷஸ்' ஆகும். பழங்கால ஆங்கிலத்தில் தமிழைப் போலவே இடத்திற்கேற்ற விகுதிகள் பல இருந்தன. ஷேக்ஸ்பியர் (1564–1616) நாடகங்களில் 'ஹாஸ்' என்பதோடு 'ஹாத்' என்னும் பழைய வடிவமும் வருவதைக் காணலாம். காலப்போக்கில் மற்றவை உதிர்ந்து, வினைகளில் எஞ்சியது இந்த ஒற்றை 'ஸ்' மட்டுமே. எஞ்சிய ஒன்றையும் நாம் விட்டுவிடலாகாது.

கேள்விக்கும் மறுப்புக்கும் 'டு' அல்லது 'டஸ்' துணைக்கு வரும். 'டஸ்' வந்தவுடன் 'ஸ்' அதனிடம் சென்றுவிடும். முதன்மை வினை வெறுமையாக நிற்கும். "ஷீ டேக்ஸ்" என்பது "டஸ் ஷீ டேக்?" என்றும் "ஷீ டஸ் நாட் டேக்" என்றும் ஆகும். "டஸ் ஷீ டேக்ஸ்?" என்று இரண்டு இடத்தில் 'ஸ்' வைப்பது பிழை. ஒரு வீட்டுக்கு ஒரு திறவுகோல் போதும்.

சாதாரண இறந்தகாலம்

முடிந்துபோன காலத்தில் முடிந்துபோன செயலைச் சொல்ல இது பயன்படும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 1998 என்றாற்போல ஒரு முடிந்த காலம் சொல்லிலோ மனத்திலோ இருக்கும். மருத்துவர் அன்றைய காலையைப் பற்றிக் கேட்க விரும்பியிருந்தால் "டிட் ஷீ டேக் தி டேப்லட் திஸ் மார்னிங்?" என்று கேட்டிருப்பார். அதற்கு 'நோ' என்பது சரியான விடை. அவர் கேட்டதோ 'டஸ்'. ஒரு 'டஸ்', ஒரு 'டிட்'. இடையே ஓர் அறுவை தள்ளிப்போயிற்று.

இக்காலத்தில் ஒரு நன்மை உண்டு. எழுவாய் எதுவாயினும் வடிவம் மாறாது. 'ஐ டுக், ஹீ டுக், தே டுக்' எல்லாம் ஒன்றே. 'பீ' என்னும் வினை மட்டுமே விலக்கு: 'ஐ, ஹீ, ஷீ, இட்' என்பவற்றிற்கு 'வாஸ்', 'வீ, யூ, தே' என்பவற்றிற்கு 'வேர்'.

வினைகள் இருவகைப்படும். முதல்வகை ஒழுங்கானவை, எழுத்தில் இறுதியில் 'ஈ, டி' என்னும் இரண்டு எழுத்துகளைப் பெறும். எழுத்து ஒன்றாயினும் ஒலி ஒன்றன்று. 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும். 'வாக்கெட்' என்று நீட்டுதல் கூடாது. 'க்ளீன்' என்பது 'க்ளீண்ட்' ஆகும். வினையே டகர ஒலியில் முடிந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: 'வான்ட்' என்பது 'வான்டட்', 'நீட்' என்பது 'நீடட்'.

இரண்டாம் வகை வடிவம் மாறுபவை. கோ–வென்ட், கம்–கேம், டேக்–டுக், கிவ்–கேவ், ரைட்–ரோட், பை–பாட், ஸீ–ஸா. 'புட்', 'கட்' போன்றவை மாறுவதே இல்லை. 'ரீட்' என்பது எழுத்தில் மாறாமல் ஒலியில் மட்டும் 'ரெட்' ஆகும். இவற்றிற்கு விதி தேடுதல் வீண். நாளைக்கு ஐந்தாக மனனம் செய்தலே வழி. ஐந்தைந்தாகக் கற்பவர் இருபது நாளில் நூறு வினைகளுக்கு உரியவராகிறார். அன்றாடப் பேச்சுக்கு அது பெரும் முதல்.

கேள்வியிலும் மறுப்பிலும் 'டிட்' வரும். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்றுக்கொண்டமையால் முதன்மை வினை பழைய வடிவத்துக்குத் திரும்பும். "ஐ டிட் நாட் வென்ட்" என்பது நம்மவரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. "ஐ டிட் நாட் கோ" என்பதே சரி.

மற்றொரு எச்சரிக்கை. "எழுந்து, குளித்து, உடுத்தி, பள்ளிக்குச் சென்றேன்" என்று நாம் எச்சங்களை அடுக்கி இறுதியில் ஒரே முற்றில் காலத்தைச் சொல்லுகிறோம். ஆங்கிலத்தில் அச்செயல்களை வரிசையாகச் சொல்லும்போது ஒவ்வொரு வினையும் காலத்தைத் தானே காட்ட வேண்டும். "ஐ கெட் அப், பாத் அண்ட் வென்ட்" என்பது பிழை. தொடக்கத்தில் அவற்றை நான்கு தனி வாக்கியங்களாக உடைத்துச் சொல்லிப் பழகுவது நலம்.

சாதாரண எதிர்காலம்

ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் இல்லை. நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டுமே வடிவம் உண்டு என்பது இக்கால இலக்கண ஆசிரியர் பலரின் கருத்து. 1985-இல் வெளிவந்த குவர்க் முதலிய நால்வரின் பெருநூலும் அவ்வாறே கூறுகிறது. எதிர்காலத்தைக் காட்ட 'வில்' என்னும் துணைவினை வந்து நிற்கும். "ஐ வில் கோ, ஷீ வில் கோ, தே வில் கோ." 'வில்' வந்தபின் 'ஸ்' வராது. 'ஐ', 'வீ' என்பவற்றிற்கு 'ஷால்' வர வேண்டும் என்று பழைய பாடநூல்கள் கற்பித்தன. இன்று எல்லா இடத்திற்கும் 'வில்' வழங்குகிறது.

இங்கே தமிழ் நமக்கு இரண்டு கண்ணிகளை வைத்திருக்கிறது.

ஒன்று: "நாளை வருகிறேன்" என்கிறோம். வடிவம் நிகழ்காலம், பொருள் எதிர்காலம். அதை அப்படியே "ஐ கம் டுமாரோ" என்று பெயர்த்தல் கூடாது; "ஐ வில் கம் டுமாரோ" என்க.

மற்றொன்று: "வாப்பா நாள்தோறும் கடைக்குச் செல்வார்" என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம். அதனை "ஃபாதர் வில் கோ" என்று தொடங்காமல், "ஃபாதர் கோஸ் டு தி ஷாப் எவ்ரி டே" என்று சொல்ல வேண்டும்.

ஆக, தமிழ் விகுதியைப் பார்த்து ஆங்கிலக் காலத்தைத் தேராதீர்கள். பேசுமுன் உங்களையே மூன்று வினா வினவுங்கள். இது வழக்கமா? முடிந்ததா? இனிமேல்தானா? வழக்கமாயின் 'டேக்ஸ்'. முடிந்ததாயின் 'டுக்'. இனிமேலாயின் 'வில் டேக்'.

பயிற்சி

பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் கூறுங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முயலுங்கள்.

1. வாப்பா காலையில் தேநீர் அருந்துவார்.
2. தங்கை நேற்றுப் பள்ளிக்குச் செல்லவில்லை.
3. அடுத்த மாதம் மதுரைக்குப் போகிறோம்.
4. என் காக்கா கணக்காளர்.
5. எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது.
6. அவர் அரபு கற்பிக்கிறாரா? (வழக்கம்)

விடைகள்:

1. மை ஃபாதர் ட்ரிங்க்ஸ் டீ இன் தி மார்னிங்.
2. மை ஸிஸ்டர் டிட் நாட் கோ டு ஸ்கூல் யெஸ்டர்டே.
3. வீ வில் கோ டு மதுரை நெக்ஸ்ட் மன்த்.
4. மை பிரதர் இஸ் அன் அக்கவுண்டன்ட்.
5. வீ ஹாவ் எ ஷாப்.
6. டஸ் ஹீ டீச் அராபிக்?

மறு வாரம் ராத்தாவை மீண்டும் அழைத்துச் சென்றோம். இம்முறை மகள் வீட்டிலிருந்தே ஒரு தாளில் நான்கு வாக்கியங்களை எழுதி வந்திருந்தாள்.

"ஷீ டேக்ஸ் ஒன் டேப்லட் எவ்ரி மார்னிங். ஷீ டுக் இட் அட் ஸிக்ஸ் டுடே. ஷீ டிட் நாட் ஈட் எனிதிங். ஷீ வில் டேக் தி நெக்ஸ்ட் டேப்லட் டுமாரோ."

நான்கும் தனி வாக்கியங்கள். அவற்றுள் மூன்று காலங்களும் அடங்கிவிட்டன. மருத்துவர் அத்தாளை ஒருமுறை வாசித்தார். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனைக் கோப்பில் வைத்துக்கொண்டு, ராத்தாவை உள்ளே அழைத்துச் சென்றார். அறுவை நலமாக முடிந்தது.

உங்கள் வீட்டிலும் நாள்தோறும் மருந்துண்ணும் பெரியவர் ஒருவர் இருப்பார். இன்றிரவே பிள்ளைகளை அமர்த்தி, அவரைப் பற்றி இத்தகைய நான்கு வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். பயிற்சியும் ஆகும், என்றேனும் பயனும் ஆகும்.